சிங்கப்பூர் பிஆர்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

சிங்கப்பூரில் அடையாள அட்டைக்கு இரண்டு நிறம். குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு நீலம். அங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகள் நிரந்தரவாசம் என்று எழுதினாலும், பேச்சில் எல்லாருக்கும் அது பிஆர்தான். "பிஆர் கெடச்சிருச்சா?" என்ற கேள்வி தேக்கா சந்தையிலும் கேட்கும், மன்னார்குடிப் பக்கம் கல்யாணப் பந்தியிலும் கேட்கும். 2025ஆம் ஆண்டுக் கணக்குப்படி அந்தத் தீவில் வாழ்பவர்கள் சுமார் 61 லட்சம் பேர். அவர்களில் குடிமக்கள் 36 லட்சத்துக்குச் சற்று மேல், நீல அட்டைக்காரர்கள் ஐந்தரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மற்றவர்கள் வேலை, படிப்பு, குடும்பம் என்று ஏதாவது ஒரு பாஸில் இருப்பவர்கள். பாஸுக்கும் குடியுரிமைக்கும் நடுவில் இருக்கிற படிதான் பிஆர்.

அந்தப் படியில் கால் வைக்க எல்லாருக்கும் அனுமதி இல்லை. உயர்நிலை வேலைகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸில் அல்லது நடுத்தரத் திறன் வேலைகளுக்கான எஸ் பாஸில் வேலை செய்பவர், குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணந்தவர், அவர்களுடைய 21 வயதுக்கு உட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள், குடிமக்களின் வயதான பெற்றோர், சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட மாணவர்கள், பெரும் முதலீட்டாளர்கள் ஆகியோர் விண்ணப்பிக்கலாம். வொர்க் பெர்மிட்டில் வேலை செய்பவருக்கு அந்த வேலையை வைத்து விண்ணப்பிக்க வழியே கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் போய், அந்த ஊரின் ரயில் பாதையையும் அடுக்குமாடியையும் எழுப்பியவர்களில் பெரும்பாலோர் வொர்க் பெர்மிட்காரர்கள். எத்தனை வருடம் உழைத்தாலும் அந்த வருடங்கள் கணக்கில் சேராது. பிஆர் வாங்கித் தருகிறேன் என்று இவர்களிடம் யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

விண்ணப்பத்தைக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையதளத்தில்தான் போட வேண்டும். கட்டணம் 100 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர்; பிஆர் கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. சம்பளத்தையும் பதவியையும் உறுதிசெய்து கம்பெனி ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும் என்பதால், மேலதிகாரிக்குத் தெரியாமல் விண்ணப்பிக்க முடியாது. பதில் வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். படிப்பு, சம்பளம், வயது, அங்கே வாழ்ந்த காலம், குடும்பப் பின்னணி, அந்த ஊரோடு உள்ள உறவு ஆகியவற்றைப் பார்ப்பதாகச் சொல்வார்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்வதில்லை, மறுத்தால் காரணமும் சொல்வதில்லை. 2009இல் 59,000 பேருக்கு மேல் பிஆர் கொடுத்தார்கள். வெளிநாட்டவர் வரவு அதிகம் என்ற மனக்குறை உள்ளூரில் எழுந்ததும் அடுத்த ஆண்டே அது 29,000 அளவுக்கு இறங்கியது. அதன்பின் பல ஆண்டுகள் ஏறக்குறைய 27,000 முதல் 35,000 வரை என்ற அளவிலேயே நின்றது. ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒரே சம்பளம் வாங்குகிற இருவரில் ஒருவருக்குக் கிடைப்பதும் மற்றவருக்குக் கிடைக்காமல் போவதும் சாதாரணம். கிடைக்காதவர் அதைத் தன் தகுதிக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கிடைத்தவருக்கு வருகிற முதல் லாபம் நிம்மதி. எம்ப்ளாய்மென்ட் பாஸ் ஆளுக்குத் தரப்படுவதில்லை. அந்த ஆளை அந்த வேலையில் வைத்துக்கொள்ளக் கம்பெனிக்குத் தரப்படுவது. வேலை போனால் பாஸ் ரத்தாகும், ரத்தான பின் கையில் இருப்பது 30 நாள். அந்த 30 நாளில் வேறு வேலை தேட வேண்டும், புதுக் கம்பெனி புதுப் பாஸுக்கு விண்ணப்பித்து ஒப்புதலும் வாங்க வேண்டும். தவறினால் வாடகை ஒப்பந்தத்தை முறித்து, பிள்ளையைப் பள்ளியிலிருந்து பாதியில் எடுத்து, பாத்திர பண்டங்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊர் திரும்ப வேண்டும். ஆட்குறைப்புச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் பாஸில் இருக்கும் குடும்பங்களில் தூக்கம் கெடுவது இதனால்தான்.

பாஸ் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு இறுகி வருகின்றன. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஜனவரியில் 5,600 வெள்ளி ஆனது, நிதித் துறையில் 6,200. வயது கூடக்கூட அந்த எல்லையும் ஏறும். 2023 செப்டம்பரிலிருந்து சம்பளத்தோடு மதிப்பெண் முறையும் சேர்ந்துகொண்டது. 40 வயதைத் தாண்டியவருக்குப் பாஸ் புதுப்பிப்பது ஒவ்வொரு முறையும் ஒரு பரீட்சை. பிஆர் கிடைத்துவிட்டால் இந்தக் கவலை அத்தனையும் போய்விடும். வேலையை விடலாம், மாறலாம், ஆறு மாதம் சும்மா இருந்து தேடலாம், சொந்தத் தொழில் தொடங்கலாம். கம்பெனியும் அவரை உள்ளூர் ஆள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். இந்த ஒரு லாபத்துக்காகவே பலர் விண்ணப்பிக்கிறார்கள்; அது நியாயமும்கூட.

அடுத்தது பணம். இங்கே கணக்கைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பாஸில் இருப்பவருக்கு மத்திய சேமநிதி, அதாவது சிபிஎஃப், கிடையாது. பிஆர் ஆன நாளிலிருந்து அது கட்டாயம். மாதம் 6,000 வெள்ளி சம்பளம் வாங்கும் 30 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆண்டு அவர் சம்பளத்தில் 5 சதவீதம், 300 வெள்ளி, பிடிப்பார்கள். கம்பெனி 4 சதவீதம், 240 வெள்ளி, போடும். இரண்டாம் ஆண்டு அவர் பங்கு 15 சதவீதம், கம்பெனி பங்கு 9. மூன்றாம் ஆண்டு முதல் முழு விகிதம்: அவர் 20 சதவீதம், 1,200 வெள்ளி, கம்பெனி 17 சதவீதம், 1,020 வெள்ளி. கைக்கு வரும் சம்பளம் 6,000இலிருந்து 4,800 ஆகிறது. சேமநிதியில் மாதம் 2,220 வெள்ளி சேர்கிறது. ஆண்டுக்கு 26,640.

இந்த 2,220 மூன்று கணக்காகப் பிரியும். 1,380 வெள்ளி சாதாரணக் கணக்குக்குப் போகும். வீட்டுக் கடன் கட்ட அதை எடுக்கலாம், குறைந்தது 2.5 சதவீத வட்டி. 360 வெள்ளி முதுமைக்கான சிறப்புக் கணக்குக்கு. 480 வெள்ளி மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்குக்கு. இவ்விரண்டுக்கும் 4 சதவீதம் வட்டி. சேமிக்கும் பழக்கம் இல்லாதவரையும் இந்த ஏற்பாடு சேமிக்க வைத்துவிடும். ஆனால் ஊரில் வீட்டுக் கடனோ தங்கை கல்யாணக் கடனோ இருந்து, மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருப்பவருக்குக் கையில் 1,200 வெள்ளி குறைவது சின்ன விஷயம் இல்லை. பிஆர் கிடைத்த மூன்றாம் வருடத்தில் சில வீடுகளில் ஏற்படும் பண நெருக்கடிக்கு இதுதான் காரணம். கம்பெனி போடும் 17 சதவீதம் சம்பளத்துக்கு மேலாக வருகிறதா, இல்லை மொத்தத் தொகையைப் பழையபடியே வைத்து அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்கப் பார்க்கிறார்களா என்பதை முதல் மாதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேமநிதியில் ஒரு நல்ல அம்சம் உண்டு. பிஆரைத் துறந்து, நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர், வயது எதுவானாலும், கணக்கில் இருப்பது முழுவதையும் எடுத்துக்கொண்டு போகலாம். 55 வயது வரை காத்திருக்க வேண்டிய குடிமகனுக்கு இந்த வசதி இல்லை.

வீடு வாங்குவதில் பிஆருக்குப் பாதி வாசல்தான் திறக்கும். அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, புதிதாகக் கட்டும் வீடுகள் பிஆர் குடும்பத்துக்குக் கிடையாது. கணவன், மனைவி இருவரும் பிஆர் ஆகி மூன்றாண்டுகள் முடிந்தபின் மறுவிற்பனை வீடு வாங்கலாம். வீவகவின் சலுகைக் கடன் இல்லை, வங்கிக் கடன்தான். கூடுதல் முத்திரை வரி 5 சதவீதம். ஆறு லட்சம் வெள்ளி வீட்டுக்கு அது மட்டும் 30,000 வெள்ளி. சாதாரண முத்திரை வரி 12,600 தனி. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தனியார் வீடு வாங்கும் வெளிநாட்டவர் கட்டுவது 60 சதவீதம் என்பதோடு ஒப்பிட்டால் 5 சதவீதம் சலுகைதான். குடிமக்கள் முதல் வீட்டுக்கு அதையும் கட்டுவதில்லை.

வீட்டு விஷயத்தில் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்காமல் விடும் விதிகள் இரண்டு. வீவக மறுவிற்பனை வீடு வாங்கும் பிஆர், தன் பெயரில் வேறு தனியார் வீடு இருந்தால், அது வெளிநாட்டில் இருந்தாலும், கைமாற்றிவிட வேண்டும். ஊரில் ஆசையாகக் கட்டிய வீடோ சென்னையில் தவணையில் வாங்கிய அடுக்ககமோ இதில் அடக்கம். இரண்டாவது, வீட்டின் அறைகளை வாடகைக்கு விடலாமே தவிர, பிஆர் தன் வீவக வீட்டை முழுதாகப் பூட்டி வாடகைக்குக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட முடியாது. அந்த உரிமை குடிமகனுக்குத்தான். பிஆரை விட்டால் வீட்டையும் விற்றாக வேண்டும். ஆகவே அந்த வீட்டை முதலீடாக எண்ணி வாங்கக் கூடாது. அங்கேயே குடியிருக்கப் போகிறவருக்குத்தான் அது பொருந்தும்.

பள்ளி, மருத்துவம் இரண்டிலும் நிலைமை ஒன்றுதான்: குடிமகனுக்குக் கீழே, வெளிநாட்டவருக்கு மேலே. தொடக்கப் பள்ளிச் சேர்க்கையில் பாஸ் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் கடைசியில், இடம் மிஞ்சினால்தான் சேரலாம். பிஆர் பிள்ளைகள் குடிமக்களோடு சேர்ந்தே பதிவு செய்யலாம், போட்டி வந்தால் குடிமகனின் பிள்ளைக்கு முதலிடம். கட்டணத்திலும் பெரிய வித்தியாசம் உண்டு. அரசு மருத்துவமனையில் பிஆருக்கு மானியம் இருக்கிறது, குடிமகனுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படைக் காப்பீடு பிஆருக்கும் கட்டாயமாக உண்டு. அதன் சந்தாவை மெடிசேவிலிருந்தே கட்டலாம். தமிழுக்கு அந்த நாட்டில் இருக்கும் இடத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நான்கு ஆட்சிமொழிகளில் தமிழ் ஒன்று. பிள்ளை பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படித்து, அதில் பரீட்சை எழுதி மேலே போகலாம். டொராண்டோவிலோ டல்லஸிலோ வார இறுதி வகுப்புக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடும் பெற்றோருக்கு இதன் அருமை தெரியும்.

பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ளும் விஷயத்தில் பிஆர் பலரை ஏமாற்றும். அம்மா அப்பாவுக்கும் பிஆர் வாங்கித்தர குடிமகனால்தான் விண்ணப்பிக்க முடியும். பிஆராக இருப்பவர் நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது சில காலத்துக்குத் தரும் சீட்டு, புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அந்தச் சீட்டில் வந்து தங்கும் பெற்றோருக்கு மருத்துவ மானியம் கிடையாது. எழுபது வயது அம்மாவுக்கு ஒரு வாரம் மருத்துவமனை என்றால், காப்பீடு இல்லாவிட்டால் அந்த பில் ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பைத் தின்றுவிடும். மகன் பிஆர் வாங்கிய பிறகும் அம்மா ஊரில் தனியாக இருப்பதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். அதைப் பாசக் குறைவு என்று உறவினர் பேசுவது தவறு.

இனி, நிரந்தரம் என்ற சொல். அட்டை நிரந்தரம், ஆனால் சிங்கப்பூரை விட்டு வெளியே போய் பிஆராகவே திரும்பி வர ரீ-என்ட்ரி பெர்மிட் என்ற மறுநுழைவு அனுமதி வேண்டும். அது பெரும்பாலும் ஐந்தாண்டுக்குத் தரப்படும், குறைத்தும் தரலாம். புதுப்பிக்கும்போது வேலை இருக்கிறதா, சேமநிதி கட்டப்படுகிறதா, குடும்பம் அங்கே வாழ்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். அனுமதி காலாவதியான நிலையில் வெளிநாட்டில் இருந்தால் பிஆரே போய்விடலாம். 2025 டிசம்பர் முதல் அப்படிச் சிக்கியவர்கள் விண்ணப்பிக்க 180 நாள் அவகாசம் உண்டு; அதற்குள் விண்ணப்பிக்காவிட்டால் தகுதி போனதுதான். பிஆர் கையில் இருந்தால் ஊரில் பத்து வருடம் இருந்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிப் பெட்டியில் பூட்டி வைத்துப் பயன்படுத்தும் பொருள் இல்லை அது. கனடாவில் ஐந்தாண்டில் 730 நாள் அங்கே இருந்தால் போதும் என்று எண்ணிச் சொல்லக்கூடிய விதி இருக்கிறது. சிங்கப்பூரில் அப்படி ஓர் எண் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஆணையத்தின் முடிவுதான்.

உரிமைகள் இப்படி ஐந்தாண்டுக்கு ஒரு முறை எடை போடப்படும்போது, ஒரு கடமை மட்டும் உறுதியாக நிற்கிறது. அது தேசிய சேவை.

1967 முதல் அந்த நாட்டில் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்கும் ஆண் பிள்ளைகளுக்கு அது கட்டாயம். வேலைத் தகுதியில் முதலில் பிஆர் வாங்கும் தகப்பனுக்கு விலக்கு உண்டு. அவர் மூலம் பிஆர் ஆகும் மகனுக்கு இல்லை. மாணவராக இருந்து பிஆர் வாங்கும் இளைஞருக்கும் இல்லை. எட்டு வயதில் அப்பா அம்மாவோடு சேர்த்துப் பிஆர் வாங்கிய பையனை எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் அவன் பெயரை எழுதிய நாளில் அவனுக்கு எதுவும் தெரியாது. பதின்மூன்று வயது ஆனதும் அவன் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வேண்டுமென்றால் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். இரண்டு வருடமோ அதற்கு மேலோ என்றால் பெற்றோர் உத்தரவாதத் தொகையும் காட்ட வேண்டும்: குறைந்தது 75,000 வெள்ளி, அல்லது இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அது. எட்டாம் வகுப்பிலிருந்து தாத்தா பாட்டியிடம் விட்டு ஊரில் படிக்க வைக்கலாம் என்ற யோசனை இந்த இடத்தில் தடுக்கும்.

பதினாறரை வயதில் பதிவு. மருத்துவப் பரிசோதனை. பதினெட்டில், தொடங்கிய உள்ளூர்ப் படிப்பை, மேல்நிலைத் தேர்வு அல்லது டிப்ளமா வரை, முடித்ததும் அழைப்பு வரும். ராணுவத்துக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரின் முதல் பயிற்சி புலாவ் தெக்கோங் தீவில். படகில் போகும் பிள்ளையைப் பெற்றோர் அந்தத் தீவு வரைக்கும் கூடப் போய் விட்டுவிட்டு வருவது வழக்கம். சிலர் காவல்துறைக்கும் தீயணைப்பு, மீட்புப் பணிக்கும் போவார்கள். முழுநேர சேவை இரண்டாண்டு. அது முடிந்தாலும் முடியவில்லை: படைவீரராக இருந்தால் 40 வயது வரை, அதிகாரியாக இருந்தால் 50 வரை, ஆண்டுக்கு 40 நாள் வரைக்கும் பயிற்சிக்கு அழைக்கலாம். அத்தனையும் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். சேவைக்குப் போகாமல் தட்டிக்கழித்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சேவைக்கு முன்பே மகனின் பிஆரைத் துறந்துவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். துறக்கலாம். ஆனால் பிற்காலத்தில் அவன் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால், துறந்தது அவனுக்கு எதிராக நிற்கும் என்று அரசு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. குடும்பத்தில் மற்றவர்களின் விண்ணப்பங்களையும் அது பாதிக்கலாம். பத்து வருடம் அரசுப் பள்ளிச் சலுகையை அனுபவித்துவிட்டுக் கடமை வரும்போது நழுவுகிறார்கள் என்ற கோபம் உள்ளூர் மக்களிடம் இருக்கிறது. தங்கள் பிள்ளைகள் இரண்டு வருடம் கொடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பையன் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போவதைப் பார்க்கிறவர்களின் கோபம் அது. அதில் நியாயம் இருக்கிறது.

வேறு சில குடும்பங்கள் பெற்றோருக்கும் மகளுக்கும் மட்டும் பிஆர் வாங்கி, மகனை நீண்டகால வருகை அனுமதியில் வைத்துக்கொள்கின்றன. சட்டத்தில் இதற்குத் தடை இல்லை. பள்ளியில் அவனுக்கு வெளிநாட்டவர் கட்டணம், சேர்க்கையில் கடைசி இடம், 21 வயதோடு அந்த அனுமதியும் முடிவு. அதற்குப் பிறகு அவன் தன் சொந்தக் காலில் ஒரு பாஸ் தேட வேண்டும். ஒரே வீட்டில் தங்கை உள்ளூர்க்காரி, அண்ணன் வெளிநாட்டுக்காரன்.

தேசிய சேவையைத் தண்டனை போலப் பேசுவதும் சரியில்லை. அதை முடித்த தமிழ்ப் பையன்கள் பலரின் நெருங்கிய நண்பர்கள் அந்த இரண்டு வருடத்தில் கிடைத்த சீன, மலாய்ப் பையன்கள்தாம். சேவை முடித்தவனை இந்த ஊர்ப் பிள்ளை இல்லை என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. அவன் அப்பாவுக்கு 20 வருட வேலையும் வரியும் வாங்கித் தராத மரியாதை அது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியாவில் கல்லூரி படிக்க வைக்கலாம், பிற்பாடு ஊரோடு வந்துவிடலாம் என்று நினைக்கும் குடும்பத்துப் பையனுக்கு அந்த இரண்டு வருடம் படிப்பை நடுவில் வெட்டும். அவனோடு சின்ன வயதில் ஊரில் விளையாடியவர்கள் பட்டம் வாங்கும்போது அவன் முதலாண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ இருப்பான். சிங்கப்பூரிலேயே வாழப் போகிறவனுக்கு அது இழப்பே இல்லை, ஏனென்றால் அவன் வகுப்புப் பையன்கள் எல்லாருக்கும் அதே இரண்டு வருடம்தான்.

இந்தியப் பக்கம் பிஆரால் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான். வெளிநாடு வாழ் இந்தியர் என்ற நிலை வெளிநாட்டில் வேலைக்குப் போனபோதே வந்துவிட்டது; வருமான வரியும் அங்கே எத்தனை நாள் இங்கே எத்தனை நாள் என்பதை வைத்துத்தான். வீடு, மனை வாங்கலாம். வயல் வாங்க முடியாது, பாட்டன் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிவு செய்தவர் தேர்தல் அன்று ஊரில் இருந்தால் ஓட்டுப் போடலாம். சிங்கப்பூரில் பிஆருக்கு ஓட்டு இல்லை. வரி கட்டுகிறார், மகன் துப்பாக்கி ஏந்துகிறான், ஆனால் யார் ஆள வேண்டும் என்று சொல்ல வாய்ப்பு இல்லை. வெளிநாட்டுப் பயணத்திலும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டின் வசதி பிஆருக்கு வராது. விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அமெரிக்க கிரீன் கார்டோடு ஒப்பிட்டால் ஒரு விஷயத்தில் சிங்கப்பூர் எளிது: கிரீன் கார்டு வைத்திருப்பவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஊரில் வரும் வாடகைக்கும் வங்கி வட்டிக்கும் சிங்கப்பூர் வரி கேட்பதில்லை.

பிஆர் ஆகி இரண்டாண்டு கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே நடுவழி இல்லை. சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமை தராது, இந்தியாவும் தராது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமை ஏற்ற கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பிறகு, இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கி, விசா இல்லாமல் வந்து போகலாம். ஓட்டும் வயலும் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுக்க மனம் வராமல் 20, 25 வருடம் பிஆராகவே இருந்துவிடுபவர்கள் உண்டு. அது அவர்கள் உரிமை. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் சீட்டில் முதுமை வரை போவது பாதுகாப்பான ஏற்பாடு இல்லை, அதிலும் ஓய்வுபெற்று வேலையும் சேமநிதிப் பிடித்தமும் நின்ற பிறகு.

இத்தனையும் வைத்துப் பார்த்தால் பிஆர் யாருக்குப் பொருந்தும் என்பது தெளிவாகவே தெரிகிறது. இன்னும் பத்துப் பதினைந்து வருடம் அங்கே இருக்கப் போகிறவர், பிள்ளைகள் அந்தப் பள்ளியிலேயே வளர்கிறார்கள், ஊரில் பெற்றோரைக் கவனிக்கக் கூடப்பிறந்தவர் இருக்கிறார் என்றால் தயங்க வேண்டியதில்லை. பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டில் கணக்கு இன்னும் சுலபம். சேமநிதியையும் வீட்டையும் பார்த்தே முடிவு செய்யலாம். நாலைந்து வருடம் சம்பாதித்துக் கடனை அடைத்துவிட்டுத் திரும்புகிற திட்டம் இருப்பவருக்கு பாஸே போதும். கையில் முழுச் சம்பளம், ஊரில் வீட்டை விற்க வேண்டிய நெருக்கடி இல்லை, திரும்புவதும் எளிது. எதற்கும் இருக்கட்டும் என்று பாதுகாப்புக்கு மட்டும் வாங்குவதுதான், ஆண் பிள்ளை உள்ள வீட்டில், மிகத் தவறான முடிவு. அந்தப் பாதுகாப்புக்கான விலையைக் கட்டப் போகிறவன் அப்போது இரண்டாம் வகுப்பில் இருப்பான்.

படிவத்தில் மகனின் பெயரைச் சேர்ப்பதற்கு முன், பெற்றோர் இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து, அவனுடைய பதினெட்டாவது வயதில் குடும்பம் எந்த ஊரில் இருக்கும் என்று பேசி முடிவு செய்யுங்கள். அவனுக்குப் புரியும் வயது வந்திருந்தால், அவனையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்.